அம்மாவை எழும்ப விடாதது கொலஸ்ட்ரோல்தானா?

இலங்கை மலைநாட்டில் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து இப்போது கொழும்பில் வேலை செய்யும் தங்கச்சி ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய அம்மாவுக்கு வயது 67, அம்மாவின் தம்பிக்கு 58. இருவருக்கும் ஒரே வருடத்தில், மூன்று மாத இடைவெளியில் பாரிசவாதம் (ஸ்ட்ரோக்) வந்திருக்கிறது. இரண்டுமே இரத்தக்கட்டி அடைத்து வந்தவை. மாமா ஐந்தாம் மாதமே கைத்தடியோடு, காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பிரட்டுக்களம் வரை நடந்து போய்ப் பழைய ஆட்களோடு பேசிவிட்டு வருகிறார். அம்மாவுக்கு எட்டு மாதமாகியும் லயத்துக் (தோட்டத்து வரிசை வீடு) காம்பராவிலிருந்து இஸ்தோப்புக்கு, அதாவது அறையிலிருந்து வெளித்திண்ணைக்கு, வர ஆள் பிடிக்க வேண்டியிருக்கிறது. அம்மாவின் கொலஸ்ட்ரோல் 248, மாமாவுடையது 194. "அக்காவுக்குக் கொழுப்பு கூட, அதுதான் நரம்பு திறக்கல" என்று மாமாவே தீர்ப்புச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அம்மாவுக்குத் தேங்காய் இல்லை, முட்டை இல்லை. கஞ்சியும் அவித்த மரக்கறியும்தான். கொலஸ்ட்ரோல் மாத்திரை கால் பலத்தைக் குறைக்கும் என்று பக்கத்துக் காம்பராவில் யாரோ சொன்னதால் அதை முன்பே நிறுத்திவிட்டார்கள். உண்மையில் கொலஸ்ட்ரோல்தான் அம்மாவைப் படுக்கையில் வைத்திருக்கிறதா, பெண்களுக்கு இந்த வருத்தம் வேறு மாதிரியா என்பது கேள்வி.

தங்கச்சி, கொலஸ்ட்ரோல் அம்மாவின் காலைப் பிடித்து வைத்திருக்கவில்லை. அந்த எண் அடுத்த அடைப்பு வருமா என்பதைப் பற்றிப் பேசுகிறது. எட்டு மாதத்துக்கு முன் மூளையில் செத்துப்போன இடத்தைச் சுற்றி மற்றப் பகுதிகள் வேலையைப் பழகிக்கொள்வதற்கும் அதற்கும் நேரடித் தொடர்பு மிகக் குறைவு. "நரம்பு திறக்கல" என்பது வழக்கிலுள்ள பேச்சு; அங்கே திறக்க வேண்டிய நரம்பு எதுவும் இல்லை. பெண்களுக்கு வேறு மாதிரியா என்று கேட்டீர்களே, அதற்குப் பதில் ஆம். ஆனால் அந்த வேறுபாட்டில் பாதிக்கு மேல் உடம்புக்கு வெளியே இருக்கிறது என்பது மலைநாட்டு வார்டுகளில் பல வருடம் வேலை பார்த்த என் எண்ணம்.

முதலில் நீங்கள் அனுப்பிய இரண்டு ரிப்போர்ட்டுகளையும் பார்ப்போம். அம்மாவுடையதில் மொத்தம் 248, கெட்ட கொலஸ்ட்ரோல் எனப்படும் எல்.டி.எல். 162, எச்.டி.எல். 52, இரத்தத்திலுள்ள இன்னொரு கொழுப்பான ட்ரைகிளிசரைட் 170. மாமாவுடையதில் மொத்தம் 194, எல்.டி.எல். 112, எச்.டி.எல். 34, ட்ரைகிளிசரைட் 240. மொத்தம் 200-க்குக் கீழே இருப்பதால் மாமா தனக்குத் தானே நற்சான்றிதழ் கொடுத்துக்கொண்டார். அவருடைய தாளில் இருப்பதோ தெற்காசிய ஆண்களிடம் நாங்கள் அடிக்கடி பார்க்கும் கோலம்: நல்ல கொலஸ்ட்ரோல் எனப்படும் எச்.டி.எல். ஆணுக்கு இருக்க வேண்டிய 40-க்கும் கீழே, ட்ரைகிளிசரைட் 150-ஐத் தாண்டி வெகுதூரம். இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் இடுப்புச் சுற்றளவையும் இரத்தத்திலுள்ள சீனியையும் உடனே பார்க்கச் சொல்வேன். எச்.டி.எல். குறைவாக இருப்பதால்தான் மொத்தக் கணக்கே குறைந்து அழகாகத் தெரிகிறது.

இன்னொன்றையும் கவனித்தேன். மாமாவின் இரத்தம் எடுத்த திகதி அவர் வார்டில் இருந்த மூன்றாம் நாள். கடுமையான வருத்தம் வந்த முதல் நாட்களில் உடம்பு கொலஸ்ட்ரோலைக் கீழே இறக்கிவிடும். சில கிழமை கழித்துத்தான் அது பழைய நிலைக்குத் திரும்பும். ஆகவே அந்த 194 அவருடைய வழக்கமான அளவாக இல்லாமல் இருக்கலாம். அம்மாவுடையது வீட்டுக்கு வந்து மூன்று மாதம் கழித்து, மாத்திரையை நிறுத்திய பிறகு எடுத்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதே பிழை. அம்மாவின் டயக்னோசிஸ் கார்டில் அடோர்வாஸ்டடின் 40 மில்லிகிராம் என்று எழுதியிருக்கிறது. அதை ஒழுங்காகப் போட்டால் எல்.டி.எல். ஏறத்தாழப் பாதியாகக் குறையும். 162 என்ற எண் அம்மாவின் உடம்பைப் பற்றிச் சொல்வதைவிட, மாத்திரை வாய்க்குள் போகவில்லை என்பதைத்தான் சத்தமாகச் சொல்கிறது.

இனி ஆண், பெண் விஷயம். மாதவிடாய் நிற்கும் வரை பெண்களுக்கு ஈஸ்ட்ரஜன் ஒரு காவல். கெட்ட கொலஸ்ட்ரோலை இரத்தத்திலிருந்து இழுத்தெடுக்கும் வேலையை ஈரல் நன்றாகச் செய்ய அது உதவுகிறது. அந்த வயதுப் பெண்களின் எச்.டி.எல். சாதாரணமாக ஆண்களைவிடப் பத்து மில்லிகிராம் அளவு கூட இருக்கும். அதனால்தான் பெண்களுக்கு 50, ஆண்களுக்கு 40 என்று இரண்டு எல்லை வைத்திருக்கிறார்கள். அம்மாவின் 52 அந்த எல்லையில் மயிரிழையில் நிற்கிறது. மாதவிடாய் நிற்கும் காலத்தை ஒட்டிய ஓரிரு வருடத்தில் எல்.டி.எல். சட்டென்று ஏறும். நாற்பது வயதில் எடுத்த ரிப்போர்ட்டைப் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டு, "எனக்குக் கொழுப்பெல்லாம் நோர்மல் டொக்டர்" என்று அறுபது வயதில் வந்து நீட்டும் அம்மாமார் எத்தனையோ பேர். அந்தத் தாள் வேறொரு உடம்பினுடையது. அப்படியானால் ஈஸ்ட்ரஜனை மாத்திரையாகக் கொடுத்தால் என்ன என்று கேட்கலாம். அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான பெண்களிடம் அதைச் செய்து பார்த்தார்கள். 2002-இல் முடிவுகள் வெளிவரத் தொடங்கியபோது பாரிசவாதம் குறையவில்லை, கூடியிருந்தது. அந்தக் கதை அதோடு முடிந்தது.

இதற்குள் ஒரு விசித்திரமும் உண்டு. பாரிசவாதம் வந்து சேரும்போது கொலஸ்ட்ரோல் கூடுதலாக இருந்தவர்கள், குறைவாக இருந்தவர்களைவிட நன்றாகத் தேறியதாகப் பல ஆய்வுகளில் தெரிந்தது. உங்கள் மாமா கேட்டால் தலைகீழாக நிற்பார். இதை வைத்துக் கொழுப்பு மூளையைக் காக்கிறது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கொலஸ்ட்ரோல் கூடியவர்களுக்கு வருவது பெரும்பாலும் சின்னக் குழாயில் வரும் சின்ன அடைப்பு. மெலிந்து, சாப்பாடு இறங்காமல், வேறு வருத்தங்களோடு வந்து சேரும் முதியவர்களிடம் கொலஸ்ட்ரோல் குறைவாகவே இருக்கும். அவர்கள் தேறுவதும் கஷ்டம். எண் அங்கே நோயின் நிழல். அம்மாவின் 248-தான் அவரைப் படுக்க வைத்தது என்ற வாதம் இந்தக் கணக்குகளின் முன் நிற்காது என்பதற்காகச் சொல்கிறேன்.

அம்மா ஏன் பின்தங்கினார்? வயதிலிருந்து தொடங்குவோம். உலகெங்கும் பெண்களுக்கு முதல் பாரிசவாதம் ஆண்களைவிடச் சில வருடம் பிந்தித்தான் வருகிறது. பிந்தி வருவது நல்லதுபோலத் தெரியும். ஆனால் அறுபத்தேழு வயது மூளையும் தசையும் எலும்பும் அடியைத் தாங்கும் விதம் வேறு. அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஊரில் 1948 முதல் ஒரே மக்களைத் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து கவனிக்கிறார்கள். அந்தக் கணக்கில் ஐம்பத்தைந்து வயதைத் தாண்டிய பெண்களில் ஐவரில் ஒருவருக்கும், ஆண்களில் ஆறுபேரில் ஒருவருக்கும் மிச்ச வாழ்நாளில் பாரிசவாதம் வருகிறது. பெண்கள் அதிக காலம் வாழ்வது இதற்கு முக்கிய காரணம். அங்கேயே தெரிந்த இன்னொரு விஷயம், பாரிசவாதத்துக்குப் பிறகு பெண்கள் ஆண்களைவிட அதிகமாகப் பிறர் கையை நம்பியிருக்கிறார்கள். வயது, நோயின் கடுமை, நோய்க்கு முன் இருந்த நிலை எல்லாவற்றையும் சமப்படுத்திப் பார்த்தால் இடைவெளி நிறையக் குறைகிறது. எல்லா ஆய்விலும் முழுக்க மறைந்துவிடவில்லை.

அடுத்தது இதயம். இதயம் தாளம் தப்பித் துடிக்கும் வருத்தத்தை ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்பார்கள். அது பாரிசவாத ஆபத்தை ஏறத்தாழ ஐந்து மடங்காக்கும். பாரிசவாதத்தோடு வரும் வயதான பெண்களிடம் இது அதிகம். இதயத்திலிருந்து பறந்து போய் அடைக்கும் கட்டி பெரியது. பெரிய குழாயை அடைக்கும். மூளையில் பெரிய பரப்பு போய்விடும். சின்ன வயதில் வாதக் காய்ச்சல் வந்து இதய வால்வு சுருங்கிய பெண்கள் எங்கள் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள், அந்தக் கோளாறும் ஆண்களைவிடப் பெண்களிடம்தான் கூட. அம்மாவின் கார்டில் ஈ.சி.ஜி. எடுத்ததாக இருக்கிறது, முடிவு எழுதப்படவில்லை. இந்த ஒரு வெற்றிடம் எனக்கு அந்த 248-ஐவிட அதிகம் உறுத்துகிறது. தாளம் தப்பும் இதயம் இருந்தால் அஸ்பிரின் போதாது. இரத்தம் உறையாமல் வைக்கும் வேறு மருந்து வேண்டும், அது அடுத்த பாரிசவாதத்தை மூன்றில் இரண்டு பங்கு தடுக்கும்.

பிறகு, கண்டுபிடித்த நேரம். நீங்கள் எழுதியதையே பாருங்கள். மாமா ஃபெக்டரியில், பத்து மணிக்கு, பத்துப் பேர் முன்னால் விழுந்தார். 1990 என்ற அவசர இலக்கத்துக்கு எடுத்தார்கள், அம்புலன்ஸ் வந்தது. அம்மா தனியாகப் படுத்திருந்தார். விடியற்காலை கை மரத்திருந்ததைப் பனி என்று நினைத்தார். பக்கத்து ஆட்கள் காத்து அடித்திருக்கும் என்று எண்ணெய் தடவினார்கள். மத்தியானம்தான் ஆட்டோ பிடித்தார்கள். கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போடுவதென்றால் நாலரை மணித்தியாலத்துக்குள் ஸ்கேனும் எடுத்து முடிக்க வேண்டும். பொகவந்தலாவையிலிருந்து ஹட்டன் இறங்கி, நாவலப்பிட்டி, கம்பளை தாண்டிக் கண்டிக்குப் போகும் பாதையை நினைத்துப் பாருங்கள். விதவையான வயதான பெண்கள் தனியே இருப்பதும், அதனால் பிந்தி வருவதும் நம் ஊரில் மட்டுமுள்ள கதையில்லை.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப் படுவது ஒன்று உண்டு. ஆண்கள் வார்டில் மாலை நாலு மணிக்கு நின்று பாருங்கள். ஒவ்வொரு கட்டிலின் ஓரத்திலும் ஒரு பெண் இருப்பாள்: மனைவி, மகள், அக்கா. இயன் மருத்துவர் காட்டிக்கொடுத்த பயிற்சியை அவள் மனப்பாடமாக வைத்திருப்பாள். "இன்னும் பத்து முறை" என்று கணக்குப் பிடிப்பாள். பெண்கள் வார்டில் அதே நேரம் மருமகள் ஒருத்தி பிளாஸ்கில் தேத்தண்ணி கொண்டு வந்து வைத்துவிட்டு, பஸ் போய்விடும் என்று ஓடுவாள். அவளுக்கு மறுநாள் கொழுந்தெடுக்க மலைக்குப் போனால்தான் பேர், அதாவது அன்றைய சம்பளம். இதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் மூளை மறுபடி பழகுவது திரும்பத் திரும்பச் செய்வதால்தான். அதிலும் முதல் மூன்று மாதம் பொன்னான காலம். மாமாவுக்கு அந்த மூன்று மாதத்தில் மாமி இருந்தார். அம்மாவுக்கு யார் இருந்தார்கள் என்று நீங்கள் எழுதவில்லை, எழுதாமலே புரிகிறது.

அளவுகோலிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. நோயாளி எவ்வளவு தேறினார் என்று பார்க்க நாங்கள் பயன்படுத்தும் பார்தெல் (Barthel) அட்டவணை 1965-இல் அமெரிக்காவில் வந்தது. பத்துக் கேள்வி, நூறு புள்ளி. சாப்பிடுவது, குளிப்பது, உடுப்பது, மலசலகூடம் போவது, படியேறுவது எல்லாம் அதில் உண்டு. சமைப்பது இல்லை. மாமி போட்டுக் கொடுத்த ரொட்டியைத் தானே பிய்த்துச் சாப்பிட்டால் மாமாவுக்கு முழுப் புள்ளி. அம்மா அடுப்படிக்குப் போய், குந்தி, மிலாறு விறகு வைத்து ஊதி, கேத்தலை இறக்காத வரை, "இன்னும் எழும்பல" என்றுதான் லயமே சொல்லும். ஆகவே மாமாவையும் அம்மாவையும் அளக்கும் கோல் ஒன்றுதானா என்று ஒருமுறை யோசியுங்கள்.

மனச்சோர்வையும் தனியாகச் சொல்ல வேண்டும். பாரிசவாதம் வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு அது வருகிறது, பெண்களிடம் இன்னும் கூடுதலாக. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுத்துக்கொள்வது, கூப்பிட்டால் அழுவது, "என்ன எடுத்துக்கிட்டாப் போதும்" என்பது, பயிற்சிக்கு மறுப்பது எல்லாம் வீட்டாருக்குச் சோம்பலாகத் தெரியும். அது நோயின் ஒரு பகுதி, மருந்தும் உண்டு. கிளினிக்கில் டொக்டர் பிரஷரும் சீனியும் பார்த்து மூன்று நிமிடத்தில் அனுப்பிவிடுவார். நீங்கள் வாயைத் திறந்து சொன்னால்தான் இது வெளியே வரும்.

இப்போது மாத்திரைக்கு வருகிறேன். அடைப்பினால் பாரிசவாதம் வந்தவர்களுக்கு அடோர்வாஸ்டடின் போன்ற ஸ்டாடின் வகை மாத்திரையின் பலன் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான். 2006-இல் வெளிவந்த ஸ்பார்க்கில் என்ற பெரிய ஆய்வில் 4,731 பேருக்கு அடோர்வாஸ்டடின் 80 மில்லிகிராமோ வெறும் மாத்திரையோ கொடுத்துப் பார்த்தார்கள். ஏறத்தாழ ஐந்து வருடத்தில் மறுபடி பாரிசவாதம் வந்தவர்கள் மருந்து எடுத்தவர்களில் 11.2 வீதம், எடுக்காதவர்களில் 13.1 வீதம். பெண்களைத் தனியே பிரித்துப் பார்த்தபோதும் பலன் வேறுபடவில்லை. பின்னர் வந்த இன்னொரு ஆய்வு, எல்.டி.எல்.-ஐ 70-க்குக் கீழே வைத்திருப்பது 90-க்கு மேல் விடுவதைவிட நல்லது என்று காட்டியது. இப்போது நாங்கள் குறிவைப்பது அந்த 70-ஐத்தான்.

மறுபக்கமும் உண்டு, மறைக்க மாட்டேன். அமெரிக்கப் பெண்கள் சுமார் 28,000 பேரைத் தொடர்ந்து கவனித்து 2019-இல் வெளியிட்ட கணக்கில், எல்.டி.எல். 70-க்கும் கீழே இருந்தவர்களுக்கு மூளையில் இரத்தக்கசிவு 100-க்கும் 130-க்கும் இடையில் இருந்தவர்களைவிட இரண்டு மடங்குக்குச் சற்று மேல் இருந்தது. கேட்கப் பயமாக இருக்கும். ஆனால் இரத்தக்கசிவு வந்தவர்கள் அத்தனை பேரிலும் நூற்றைம்பதைத் தாண்டவில்லை. அம்மாவுக்கு வந்ததோ அடைப்பு. அவருக்குப் பெரிய ஆபத்து இன்னொரு அடைப்புதான். கசிவைத் தடுக்க முதலில் பிடிக்க வேண்டியது பிரஷரை. அது கட்டுக்குள் இருக்கிறதா என்று மார்கழி, தை மாதப் பனியில் தவறாமல் பாருங்கள். குளிரில் பிரஷர் ஏறும்.

மாத்திரை காலைப் பலவீனமாக்கும் என்ற பேச்சில் ஒரு துளி உண்மை உண்டு. ஸ்டாடின் போடும் சிலருக்குத் தசை வலி வரும். சிறிய உடம்புள்ள வயதான பெண்களிடம் அதை அதிகம் கேட்கிறோம். அந்த வலி இரண்டு தொடையிலும் இரண்டு தோளிலும் ஒரே மாதிரி இருக்கும். பாரிசவாதம் அடித்த பக்கத்தில் மட்டும் பலவீனம் என்றால் அதற்கு மாத்திரை பொறுப்பில்லை. உண்மையிலேயே வலி இருந்தால் அளவைக் குறைக்கலாம், வேறு ஸ்டாடினுக்கு மாற்றலாம். அதை கிளினிக்கில் செய்வார்கள், பக்கத்துக் காம்பராவில் இல்லை. அதற்கு முன் தைரொயிட் பரிசோதனை ஒன்று கேளுங்கள். தைரொயிட் குறைந்தால் எல்.டி.எல். ஏறும், உடம்பு சோரும், மாத்திரையால் தசை வலியும் சுலபமாக வரும். பெண்களிடம் அது ஆண்களைவிடப் பல மடங்கு அதிகம். 248-க்கும் படுக்கைக்கும் ஒரு பொதுக் காரணம் இருக்குமானால் அதுவாகத்தான் இருக்க முடியும்.

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாக. கஞ்சியும் அவித்த மரக்கறியும் கொடுத்து அம்மாவின் தசையைக் கரைக்கிறீர்கள். பருப்பு, பயறு, நெத்தலி, நாளுக்கொரு முட்டை கட்டாயம் வேண்டும். முதல் பாலைக் கறிக்கு ஊற்றுவதைக் குறையுங்கள், வடை சுட்ட எண்ணெயைத் திரும்பப் பாவிக்காதீர்கள், கருவாட்டையும் அச்சாறையும் பிரஷருக்காகத் தள்ளிவையுங்கள். ரொட்டியோடு ஒரு கரண்டி சம்பல் யாரையும் கொல்லாது. வெற்றிலையோடு புகையிலை போடுகிறாரா என்றும் பாருங்கள். ஆஸ்பத்திரியில் "புகைப்பிடிப்பீங்களா" என்று கேட்டு, இல்லை என்று எழுதிவிடுவார்கள். எங்கள் அம்மாமார் புகைப்பதில்லை, மெல்லுகிறார்கள். அதுவும் புகையிலைதான்.

எட்டு மாதம் போய்விட்டதே என்று நினைக்காதீர்கள். வேகம் குறையும், முன்னேற்றம் நிற்காது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எழும்புவதை ஒரு தடவைக்குப் பத்தாக, நாளுக்கு மூன்று தடவை செய்யட்டும். பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும், பலவீனமான பக்கத்தில். எழுப்பும்போது அந்தக் கையைப் பிடித்து இழுக்க வேண்டாம்; தோள்மூட்டு கழன்றால் அந்த வலியே அவரை மறுபடி படுக்க வைத்துவிடும். இடுப்பைச் சுற்றித் துண்டொன்றைக் கட்டி அதைப் பிடியுங்கள். விழுந்து இடுப்பெலும்பு முறிவதுதான் இந்த வயதில் நான் பயப்படும் விஷயம், மாதவிடாய் நின்ற பெண்ணின் எலும்பு ஏற்கெனவே மெலிந்தது, அசையாத பக்கத்தில் இன்னும் மெலியும். கக்கூஸில் குந்த முடியாவிட்டால் பிளாஸ்டிக் கதிரையின் நடுவில் வட்டமாக வெட்டி மேலே வைக்கலாம். காம்பரா வாசலிலிருந்து அங்கே போகும் பாதையில் இடுப்புயரத்துக்குக் குழாயோ மூங்கிலோ கட்டச் சொல்லுங்கள். லயத்துப் பொடியன்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடுவார்கள்.

அடுத்த கிளினிக் நாளுக்கு லீவு போட்டு நீங்களே போங்கள். கொப்பிக்குள் ஒரு துண்டில் எழுதி வையுங்கள்: ஈ.சி.ஜி.யில் இதயத் தாளம் எப்படி, தைரொயிட் பார்க்கலாமா, நிறுத்திய ஸ்டாடினை எந்த அளவில் திரும்பத் தொடங்குவது, அழுகைக்கு என்ன செய்யலாம், இயன் மருத்துவரிடம் மறுபடி அனுப்புவார்களா. மாத்திரையைத் திரும்பத் தொடங்கி ஆறிலிருந்து எட்டுக் கிழமையில் மறுபடி இரத்தம் பார்க்க வேண்டும் என்றும் குறித்துக்கொள்ளுங்கள். மாமாவையும் அதே பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போங்கள், காலையில் ஒன்றும் சாப்பிடாமல். அவருடைய 34-ஐயும் 240-ஐயும் இதுவரை யாரும் அவரிடம் வாசித்துக் காட்டவில்லை.